துண்டு விழுகிற வீடு

எங்கட வீடுகளில் மாசக் கடைசியில் கேட்கிற ஒரு சொல் இருக்கு: "துண்டு விழுது." வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இடையில் இருக்கிற பள்ளம்தான் துண்டு. நிதியமைச்சர் நாட்டின் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கிற நாளிலும் பத்திரிகைகள் "துண்டுவிழும் தொகை" எண்டுதான் எழுதும்.

இதே சொல்லுக்கு மலையகத்தில் இன்னொரு பொருள் இருந்தது. அங்கே துண்டு என்பது ஒரு கடதாசி. அதில் ஒரு தொகை எழுதப்பட்டிருக்கும். அந்தத் தொகையை எந்தத் தோட்டத்துத் துரை கட்டுகிறாரோ, அவரிடம் ஒரு கங்காணியும் அவருக்குக் கீழே இருந்த தொழிலாளர் கூட்டமும் போய்ச் சேரும். மனிதர்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியது அவர்களுடைய விருப்பத்தால் அல்ல, அந்தக் கடதாசியில் இருந்த எண்ணால்.

இண்டைக்கு எங்கள் வயதுக்காரர் நிறையப் பேர் கிறெடிற் கார்ட் கடனோடு குடும்பம் நடத்துகிறார்கள். அதைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் உடனே ஒரு தீர்ப்பு வரும்: "வரவுக்கு மிஞ்சிச் செலவழிச்சால் இப்படித்தான்." இந்தத் தீர்ப்பு புதுசு இல்லை. துண்டு இருந்த காலத்திலும் தொழிலாளரைப் பற்றி இதைத்தான் சொன்னார்கள். அதனால் கார்ட்டைப் பற்றிக் கதைக்க முதல் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்பம்.

கங்காணியின் கணக்கு

19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த ஒருவர் வேலை தொடங்க முதலே கடன்காரர். ஊரில் கங்காணி கொடுத்த முற்பணம், பயணச் செலவு, வழிச் சாப்பாடு, கம்பளி எல்லாம் அவர் பேரில் ஏறியிருக்கும். தோட்டத்துக்கு வந்த பிறகு அரிசி கணக்கில் கிடைக்கும். அதன் விலை சம்பளத்தில் கழியும். திருவிழாவுக்கு, கலியாணத்துக்கு, செத்த வீட்டுக்கு எண்டு இன்னும் முற்பணம். சம்பளமோ மாதக் கணக்கில் நிலுவையில் நிற்கும். கையில் காசு வராத இடைவெளியைக் கடன்தான் நிரப்பியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கணக்கு யாருடைய கையில் இருந்தது என்பது. எழுதியவர் கங்காணி, இல்லாவிட்டால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. கடன்பட்டவருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. தெரிந்தாலும் அவரிடம் அது காட்டப்படவில்லை. தோட்டம் மாறும்போது புதிய துரை துண்டில் எழுதிய தொகையைக் கட்டுவார். அந்தத் தொகை பிறகு தொழிலாளர் தலையிலேயே வந்து நிற்கும். ஆட்களுக்குத் தட்டுப்பாடு கூடக்கூடத் துண்டின் தொகையும் கூடியது. அதாவது தொழிலாளி ஒரு சதமும் செலவழிக்காமலே அவருடைய கடன் வளரலாம்.

துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. 1927இல் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. இவை வந்ததால் மலையகத்தின் வறுமை போய்விடவில்லை. குடியுரிமையும் காணியும் இல்லாத துயரம் பிறகும் தொடர்ந்தது. ஆனாலும் ஒன்று தெளிவு. அந்தக் கடன் சங்கிலியை உடைத்தது தொழிலாளரின் "சிக்கனம்" இல்லை. ஏற்கெனவே அரை வயிறு சாப்பிட்டவர்கள் எதைச் சிக்கனப்படுத்துவது? விதியை மாற்றியதால்தான் அது உடைந்தது.

ஒற்றி, வட்டிக்கடை, சீட்டு

வடக்கில் கடனுக்கு வேறு முகம். 1706, 1707 அளவில் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் ஒற்றி, அடைவு, வட்டிக் கடன் மூன்றுக்கும் விதிகள் இருக்கின்றன. ஒற்றி எண்டால் காணியைக் கொடுத்துக் காசு வாங்குவது. வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் எடுப்பார். முதலைத் திருப்பிக் கட்டினால் காணி திரும்ப வரும். முந்நூறு வருடத்துக்கு முதலே ஒரு சமூகம் தன் கடன்களை இவ்வளவு நுணுக்கமாக வகைப்படுத்தியிருந்தது எண்டால், கடன் எங்கட வாழ்க்கையில் எவ்வளவு சாதாரணமாக இருந்திருக்க வேணும்.

ஆங்கிலேயர் காலத்தில் கொழும்புச் செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகள் இருந்தன. வெள்ளைக்கார வங்கிகள் உள்ளூர்ச் சனத்துக்கு நேரடியாகக் கடன் கொடுக்க விரும்பவில்லை; செட்டியார்களுக்குக் கொடுத்தன. அவர்கள் கூடின வட்டிக்கு வியாபாரிகளுக்கும் காணிக்காரருக்கும் கொடுத்தார்கள். வட்டிக் கொடுமை பற்றிய முறைப்பாடுகள் கூடியபோது 1918இல் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் வந்தது. வட்டி அளவு மீறியிருந்தால் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திரும்பத் திறந்து பார்க்கலாம். 1934இல் வங்கி ஆணைக்குழு ஒன்று நாட்டின் கடன் நிலைமையை ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1939இல் இலங்கை வங்கி உருவானது. 1941இல் கடன் இணக்கச் சபைக்கான சட்டம் வந்தது.

இதற்குப் பக்கத்தில் சனம் தாங்களாகவே கட்டிய வழிகளும் இருந்தன. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான முதற் சட்டம் 1911இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு ஆழமாக வேர்விட்டது. மூளாயில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாக நடத்தினார்கள். சீட்டைச் சொல்லவே வேண்டாம். குலுக்குச் சீட்டோ கழிவுச் சீட்டோ, பத்துப் பேர் மாதாமாதம் போடுகிற காசு முறை வைத்து ஒருவரின் கைக்கு மொத்தமாக வரும். 1935இல் சீட்டுக்கெண்டே ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது எண்டால் அது எவ்வளவு பரவியிருந்தது எண்டு விளங்கும். சீட்டில் ஏமாற்று நடக்கும். பிடிக்கிறவர் காசோடு ஓடின கதை இல்லாத ஊர் இல்லை. ஆனாலும் சீட்டுக்கு ஒரு நல்ல குணம்: எத்தனை மாதம், எவ்வளவு காசு, யார் எடுத்தாயிற்று என்பது போடுகிற எல்லாருக்கும் தெரியும். கணக்கு வெளியில் இருக்கும்.

கூப்பன் அரிசி

குடும்ப வரவு செலவு வீட்டுக்குள் மட்டும் தீர்மானிக்கப்படுகிற விஷயம் எண்டு நினைக்கிறவர்கள் 1953ஐப் பார்க்க வேணும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பங்கீட்டு அரிசி தொடங்கியது. கூப்பன் புத்தகம் ஒவ்வொரு வீட்டின் மாதக் கணக்கிலும் முதல் வரியானது. 1953இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாகக் கூட்டியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. சுட்டதில் ஆட்கள் இறந்தார்கள். ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசி விலை என்ற ஒரு வரி மாறியதும் அரசாங்கமே ஆட்டம் கண்டது.

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. மானியங்கள் சுருங்கின. வானொலி, தொலைக்காட்சி, மோட்டார் சைக்கிள் கடைக்கு வந்தன. தவணைக்கு வாங்குகிற பழக்கமும் வந்தது. வடக்கு கிழக்கில் அதே காலத்தில் போர் தொடங்கிவிட்டது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் லீசிங் கம்பனிக்கு என்ன வேலை? அங்கே நகைதான் வங்கி. இடம்பெயர்ந்து போகும்போது காணியைத் தூக்கிக்கொண்டு போக ஏலாது, காப்பைக் கொண்டு போகலாம்.

2009க்குப் பிறகு வந்த கடன்கள்

போர் முடிந்ததும் ஏ9 வீதியால் பொருட்களோடு கடனும் வந்தது. வங்கிக் கிளைகள், லீசிங் கம்பனிகள், நுண்கடன் நிறுவனங்கள். எல்லாம் இழந்த சனத்துக்கு வீடும் வேணும், தொழிலும் வேணும், மோட்டார் சைக்கிளும் வேணும். கடன் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் வருமானம் வளர முதலே தவணை தொடங்கியது. நுண்கடன் பெரும்பாலும் பெண்களுக்கே கொடுக்கப்பட்டது; ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு எண்ட குழு முறை; கிழமைக்கு ஒருக்கா வாசலில் வந்து நிற்கிற வசூல்காரர். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எண்டு பெண்கள் சிக்கினார்கள். உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள்.

2016இல் நுண்கடன் சட்டம் வந்தது. 2018இல் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த, நிலுவையில் நின்ற பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்கிற திட்டத்தை அறிவித்தார். அதே வருடம் செப்டெம்பரில் வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி இந்தச் சுரண்டலைத் தன் அறிக்கையில் எழுதினார். 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி ஐம்பது நாட்களுக்கு மேல் வீதியோரம் இருந்தார்கள். அவர்கள் சிங்களப் பெண்கள். முல்லைத்தீவுப் பெண்ணுக்கும் அவர்களுக்கும் மொழி வேறு, வசூல்காரரின் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான்.

பிளாஸ்டிக் துண்டு

கிறெடிற் கார்ட் பிறந்தது அமெரிக்காவில். 1950இல் டைனர்ஸ் கிளப். 1958இல் பாங்க் ஒஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரத்தில் 60,000 கார்ட்களைத் தபாலில் அனுப்பியது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை, கார்ட் தானாக வந்தது. அதுதான் பிறகு விசா ஆனது. அதில் இருந்த புதுமை, மாத முடிவில் முழுவதும் கட்டத் தேவையில்லை, கொஞ்சம் கட்டி மிச்சத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம் என்பது. கார்ட்டின் வசதியும் அதன் பொறியும் இந்த ஒரு விதிக்குள்தான் இருக்கு.

எங்கட நாட்டில் கார்ட் கனகாலம் கொழும்புக்காரரின் சாமான். பிறகு சம்பளம் வங்கியில் விழுகிற எல்லாருக்கும் வந்தது. 2020இல் மத்திய வங்கி கார்ட் வட்டிக்கு 18 வீத எல்லை வைத்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது எண்டு அறிவித்தது. அந்த வருடமே வட்டி எல்லையும் எடுபட்டு, பல கார்ட்களின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். தொகைமதிப்புத் திணைக்களம் 2023இல் செய்த ஆய்வில் 60.5 வீதமான வீடுகளின் வருமானம் குறைந்திருந்தது. 91 வீதமான வீடுகளின் செலவு கூடியிருந்தது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. வருமானம் குறைய, செலவு கூட, இடையில் விழுந்த துண்டை என்னத்தால் அடைத்திருப்பார்கள்? நகையால், கைமாற்றால், கார்ட்டால். பால்மாவும் மருந்தும் கார்ட்டில் வாங்கின வீட்டைப் பார்த்து ஊதாரி எண்டு சொல்ல ஏலுமா? ஊதாரிகளும் இருக்கினம், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இவ்வளவு வீடுகள் ஒரே வருடத்தில் ஊதாரியாக மாற ஏலாது.

2023 ஓகஸ்டில் மத்திய வங்கி திரும்ப எல்லை போட்டது: கார்ட்டுக்கு 28 வீதம், அடைவுக்கு 18 வீதம். 28 வீதம் ஒரு வீட்டில் என்ன செய்யும் எண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பம்.

கார்ட்டில் 200,000 ரூபா கடன். முதல் மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 4,670 ரூபா. ஸ்ரேற்மென்ற்றில் "ஆகக் குறைந்த கொடுப்பனவு" எண்டு 5 வீதம் போட்டிருக்கும். கார்ட்டைத் திரும்பத் தொடாமல், ஒவ்வொரு மாதமும் அந்த 5 வீதத்தை மட்டும் ஒழுங்காகக் கட்டினால் இரண்டு வருடத்தில் கட்டின காசு ஏறத்தாழ 181,000 ரூபா. இன்னும் இருக்கிற கடன் ஒரு இலட்சத்துக்கு மேல். 82,000 ரூபாவுக்கு மேல் வட்டிக்கே போயிருக்கும். கடன் குறையக் குறைய அந்த 5 வீதமும் குறைவதால் முடிவு தள்ளித் தள்ளிப் போகும்.

அதே கடனுக்கு மாதம் 10,000 எண்டு மாறாமல் கட்டினால் 28 மாதத்தில் கடன் முழுதும் முடியும். 15,000 கட்டினால் 17 மாதம். முதல் மாதத்தில் 5 வீதத்துக்கும் 10,000க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம், தொகையை வங்கி தீர்மானிக்கிறதா நாங்கள் தீர்மானிக்கிறமா என்பதில்தான்.

துண்டோடு இதை ஒப்பிடுவது மிகையாகத் தெரியலாம். ஒருவரும் எங்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் விற்கவில்லை, உண்மைதான். ஆனால் கிறிப் எண்டு நாங்கள் சொல்கிற கொடுகடன் தகவல் பணியகத்தில் எங்கட பேரில் ஒரு கணக்கு இருக்கு. எந்த வங்கிக்குப் போனாலும் அது எங்களுக்கு முதல் போய் நிற்கும். கங்காணியின் துண்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம்: இதை நாங்கள் கேட்டு வாங்கி வாசிக்கலாம். வாசிக்கிறமா?

வீட்டுக் கணக்கு

இரண்டு பேர் உழைக்கிற ஒரு வீட்டை உதாரணத்துக்கு எடுப்பம். கைக்கு வருவது 150,000. வாடகை 30,000, சாப்பாடு 50,000, கரண்ட், தண்ணி, போன் 10,000, பிள்ளைகளின் ரியூஷனும் ஸ்கூல் வானும் 18,000, போக்குவரத்து 14,000, அம்மா அப்பாவின் மருந்து 8,000, அடைவு வைத்த சங்கிலிக்கு வட்டி 5,000. மிச்சம் 15,000. கடதாசியில் இது துண்டு விழாத வீடு. ஆனால் ஜனவரியில் கொப்பி, சப்பாத்து வரும். வாகன வரிப்பத்திரம் வரும். கலியாண வீடு, திருவிழா வரும். இதெல்லாம் "எதிர்பாராத செலவு" இல்லை, ஒவ்வொரு வருடமும் வருகிற செலவு. வருடத்துக்கு 60,000 எண்டு வைத்தால் மாதத்துக்கு 5,000. அதைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால் அந்த மாதம் திரும்பவும் கார்ட்தான். ஆகவே இந்த வீட்டுக்குச் சரியான எண் 15,000 இல்லை, 10,000. மெதுவாகத்தான் முடியும், ஆனால் முடியும்.

இரண்டு கடன் இருந்தால் வட்டி கூடினதை முதலில் அடைக்க வேணும். இந்த வீட்டில் கார்ட் 28, அடைவு 18. சங்கிலியில் மனம் கிடந்தாலும், அது ஏலத்துக்குப் போகாமல் வட்டியைக் கட்டிக்கொண்டு, மிச்சக் காசு முழுவதும் கார்ட்டுக்குப் போக வேணும். கார்ட்டில் காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதற்குக் கட்டணமும் தனி. கட்ட ஏலாத நிலை வர முதலே வங்கியோடு கதைத்து, கடனை வட்டி குறைந்த தவணைத் திட்டத்துக்கு மாற்ற ஏலுமா எண்டு கேட்கலாம். மாற்ற முதல் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேணும்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், கணக்கு யாருடைய கையில் இருக்கு என்பது. எத்தனையோ வீடுகளில் கார்ட் கடன் எவ்வளவு எண்டு மனிசிக்குத் தெரியாது. நுண்கடன் எத்தனை எண்டு புருசனுக்குத் தெரியாது. வெட்கம் கணக்கை ஒளிக்கிறது, ஒளித்த கணக்கு வளர்கிறது. தோட்டத்தில் கங்காணி கணக்கை ஒளித்தார். எங்கட வீட்டில் நாங்களே ஒருவருக்கொருவர் ஒளிக்கிறம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் வீட்டுக் கணக்குத் தெரியலாம். "இந்த வருசம் போன் வாங்க ஏலாது" எண்டு சும்மா சொல்வதற்கும், கணக்கைக் காட்டிச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கு.

ஆனால் வீட்டுக் கணக்கோடு மட்டும் நிற்கவும் ஏலாது. சாப்பாட்டுக்குப் போட்ட 50,000ஐ எவ்வளவு இறுக்கினாலும், 2024 ஜனவரியில் 15இலிருந்து 18 வீதமாகக் கூடின வற் வரியை ஒரு வீடு தனியாக இறுக்க ஏலாது. துண்டு போனது சட்டத்தால். அரிசி விலை விஷயமானது வீதியில் இறங்கின சனத்தால். நுண்கடனைப் பற்றி அரசாங்கம் வாய் திறந்தது பெண்கள் வாய் திறந்த பிறகுதான். வட்டி எல்லை எவ்வளவு, வரி எதில், சம்பளம் எவ்வளவு என்பவையும் எங்கட மாதக் கணக்கின் வரிகள்தான். அவற்றை வேறு ஆட்கள் எழுதுகிறார்கள்.

முதற் சம்பளம் எடுத்த கையோடு உங்களுக்கும் ஒரு அழைப்பு வரும்: "கார்ட் எடுங்கோ, முதல் வருசம் கட்டணம் இல்லை." எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். எடுத்தால் அந்தப் பத்திரத்தில் மூன்று எண்களைத் தேடுங்கோ: வருட வட்டி, ஆகக் குறைந்த கொடுப்பனவின் வீதம், பிந்தினால் கட்டணம். ஏற்கெனவே கடன் இருந்தால் இண்டைக்கு இரவே ஸ்ரேற்மென்ற்றை எடுத்து வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் நடுவில் வையுங்கோ. லயத்தில் இருந்த எங்கட சனத்துக்கு ஒரு நாளும் காட்டப்படாத கடதாசி அது.